புது ஏர் ரைஃபிளின் முதல் நாள்: தாளில் தெரியும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

எங்கள் தோப்பு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. தமிழக எல்லை தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். கோழி வளர்ப்பை விட்ட பிறகு சும்மா கிடந்த நீளக் கொட்டகையில், கடைக்கோடியில் மண்மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, 10 மீட்டரிலும் 20 மீட்டரிலும் தரையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். புதிதாக ஏர் ரைஃபிள் வாங்கிய பிள்ளைகள் முதல் முறை சுட்டுப் பார்க்க இங்கே வருவார்கள். வந்து அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான் காதில் விழும். போன தை மாதம் வேலந்தாவளம் பக்கத்துத் தம்பி ஒருவன் சொன்னது இது: “துப்பாக்கியே கோணலுங்ணா. ஸ்கோப்பை எவ்வளவு திருப்புனாலும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.”

துப்பாக்கி கோணல் இல்லை. கட்டையை, அதாவது தோளிலும் கையிலும் வைத்துப் பிடிக்கும் பகுதியை, பிடித்திருக்கும் முன்பக்க ஸ்க்ரூ இரண்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தன. முறுக்கினோம், சிதறல் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் அதற்குள் அவன் ஸ்கோப்பின் (ரைஃபிள் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தூரக்கண்ணாடி) இரண்டு குமிழையும் எந்தப் பக்கம் எத்தனை கிளிக் திருப்பினான் என்ற கணக்கு போய்விட்டது. அதை மீட்டெடுக்கவே அறுபது பெல்லட் (ஈயக் குண்டு) செலவு.

என் முதல் ரைஃபிளிலும் இதையேதான் நான் செய்தேன். சொல்லித்தர ஆள் இல்லாமல் மூன்று ஞாயிற்றுக்கிழமை வீணாகி, விற்றுவிடலாம் என்று முடிவு கட்டிய பிறகுதான் ஒரு பெரியவர் ஸ்க்ரூவைக் காட்டிக் கொடுத்தார். அந்த நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எந்தக் கோளாறாக இருந்தாலும் தாளில் அதற்கென்று ஒரு உருவம் விழும். முதலில் அந்த உருவத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்கோப்பையோ, ரைஃபிளிலேயே குறிபார்க்க இருக்கும் குறிமுள்ளையோ எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள்.

இங்கே சொல்வது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் 4.5 மில்லிமீட்டர் ரைஃபிளுக்கு. சிலிண்டரில் காற்றடைத்துச் சுடும் வகைக்குப் பிடிமானம் பற்றிய பகுதி அவ்வளவாகப் பொருந்தாது. மற்றவை பொருந்தும்.

சுடுவதற்கு முன்

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் அளவையும் 20 ஜூல் ஆற்றலையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்காக அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணில் பட்டால் கண் போனது போனதுதான். சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி போட வேண்டும். எங்கள் கொட்டகைக் கூரையில் மயில் வந்து உட்காரும், தோப்பில் புறா திரியும். அவற்றின் பக்கம் பேரலைத் திருப்பிய ஆளை நான் மறுபடி உள்ளே விட்டதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏர் ரைஃபிள் என்று பார்த்து யாரையும் விடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் விடமாட்டேன்.

பின்சுவர் எது என்பது மிக முக்கியம். பெல்லட் ஈயம். மண், பழந்துணி போன்ற மெத்தென்ற பொருளில் பட்டால் உள்ளேயே நின்றுவிடும். வெட்டுக்கல் சுவர், தகரம், தென்னை மரம் இவற்றில் பட்டால் திரும்பி வரும். தென்னை மரத்தில் தாளை ஒட்டிச் சுட்ட ஒருவருடைய நெற்றியில் பெல்லட் வந்து பட்டதை நான் நேரில் பார்த்தேன். இரண்டு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண். மாட்டுத்தீவனச் சாக்கில் சலித்த மணலை நிரப்பி இரண்டு வரிசை அடுக்குங்கள். மணலில் சிறு கல்கூட இருக்கக்கூடாது.

பேரலை மடக்கிப் பெல்லட் போடும்போது மற்றொரு கை பேரலைப் பிடித்தபடியே இருக்கட்டும். விசை வழுக்கி விட்டால் பேரல் அடித்து மூடும். விரல் நடுவில் இருந்தால் துண்டாகிவிடும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பதும் கூடாது. பெல்லட் தரும் எதிர்ப்பு இல்லாமல், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் நேராகப் போய்ச் சிலிண்டரின் முனையில் மோதும். காற்று கசியாமல் அடைக்கும் சீலும் ஸ்பிரிங்கும் அதில்தான் கெடும்.

அப்புறம் மூன்று சின்ன வேலைகள். பழைய பனியன் துணியைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, நைலான் கயிற்றில் கட்டி, பெல்லட் போடும் பக்கத்திலிருந்து முனைப் பக்கமாக இழுங்கள். முதல் துணி கருப்பாக வரும். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் தடவிய எண்ணெய் அது. துணி ஏறக்குறைய வெள்ளையாக வரும் வரை ஐந்தாறு முறை இழுக்க வேண்டும். அடுத்தது, எல்லா ஸ்க்ரூவையும் பொருத்தமான முனையுள்ள ஸ்க்ரூ டிரைவரால் முறுக்குங்கள், கட்டை நசுங்கும் அளவுக்கு வேண்டாம். கடைசியாக, 10 மீட்டரை டேப் வைத்து அளங்கள். காலடி வைத்து அளந்த பத்து மீட்டர் என்னிடம் எட்டரையாகவும் வந்திருக்கிறது, பன்னிரண்டாகவும் வந்திருக்கிறது.

எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும்?

இந்த அளவு தெரியாமல் கோளாறு எது, இயல்பு எது என்று சொல்ல முடியாது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியின் இலக்கில், பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர்தான். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதல் நாளே மனம் ஒடிகிறார்கள். அந்தப் போட்டி ரைஃபிள்கள் காற்றழுத்தத்தில் இயங்குபவை, சுடும்போது ஏறக்குறைய அசையவே அசையாது. உங்கள் கையிலிருப்பது ஸ்பிரிங் குதிக்கும் சாதாரண ரைஃபிள்.

முதல் நாள் மணல்பையில் வைத்து 10 மீட்டரில் சுட்ட ஐந்து பெல்லட்டும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் ரைஃபிளில் குறை இல்லை. அந்த நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். ஒரு மாதம் பழகிய பிறகு அதில் பாதிக்கு வரலாம். ஒவ்வொரு தாளிலும் ஐந்து மட்டும் சுடுங்கள், தேதியும் பெல்லட்டின் பெயரும் எழுதுங்கள், தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

புகை வருகிறது, பட்டாசு போல் சத்தம் கேட்கிறது

புது ரைஃபிளில் முதலில் வரும் பயம் இதுதான். நல்ல செய்தி, பெரும்பாலும் தானாகவே நிற்கும். பிஸ்டன் காற்றை ஒரு நொடியில் நெரிக்கும்போது காற்று கடுமையாகச் சூடாகிறது. சிலிண்டருக்குள் எண்ணெயோ கிரீஸோ மிச்சம் இருந்தால் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். லாரி டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலே டீசல் எரிவது இப்படித்தான். முதல் இருபது முப்பது பெல்லட்டுக்கு லேசான புகையும் கருகல் வாசமும் இயல்பு. சத்தம் குறைந்து கொண்டே வர வேண்டும்.

இது நிற்கும் வரை தாளில் விழுவதை நம்பாதீர்கள். எண்ணெய் எரிந்த பெல்லட் வேகமாகப் போய் மேலே படும், எரியாதது கீழே படும். ஸ்கோப் பக்கம் கையே போகக்கூடாது. ஐம்பது தாண்டியும் ஒவ்வொரு முறையும் டமால் என்று வெடித்தால் நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் சீல் கருகும், ஸ்பிரிங் உடையும்.

வெடிப்பு ஓயாமல் இருப்பதற்கு நான் பார்த்த முக்கியக் காரணம், வாங்கியவரே எண்ணெய் விட்டிருப்பது. எங்கள் ஊரில் கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய், சைக்கிள் செயினுக்கும் தேங்காய் எண்ணெய். பேரலை மடக்கினால் சிலிண்டர் முகப்பில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். காற்று வெளிவரும் வழி அது. ஒரு பையன் அதற்குள் தேங்காய் எண்ணெயை நாலு சொட்டு விட்டுக் கொண்டு வந்தான். முதல் சத்தத்துக்கே பக்கத்துத் தோப்பில் தேங்காய் போட்டுக் கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அந்த ஓட்டைக்குள் எந்த எண்ணெயும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். வெளியே இரும்பில் வியர்வை படும் இடங்களில் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

தாள் முழுக்கச் சிதறுகிறது

ஐந்து பெல்லட் ஐந்து திசை. உள்ளங்கை அகலத்துக்குச் சிதறல். முதல் நாள் புகாரில் பாதிக்கு மேல் இதுதான், அதனால் இங்கேதான் நிதானம் வேண்டும். நான் பார்க்கும் வரிசை இது. வரிசையை மாற்றாமல் போனால் நேரம் மிச்சம்.

முதலில் ஸ்க்ரூ. சுடும் முன் முறுக்கியாயிற்றே என்று விடாதீர்கள். புதுக் கட்டை முதல் ஐம்பது பெல்லட்டுக்குள் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும், ஸ்க்ரூ மறுபடி தளரும். முன்பக்கம் இருபுறமும் உள்ள இரண்டு, டிரிகர் வளையத்தில் உள்ள ஒன்று அல்லது இரண்டு. திரும்பத் திரும்பத் தளர்ந்தால் மரையில் நீல நிறத் திரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு பொட்டு வையுங்கள். சிவப்பு வகை வேண்டாம், பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது பிடிமானம். இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். துப்பாக்கி என்றாலே தோளில் அழுத்தி இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் ரைஃபிளுக்கு அது விஷம். டிரிகர் விட்டதும் கனமான பிஸ்டன் முன்னே பாய்கிறது, ரைஃபிள் பின்னே வருகிறது. பிஸ்டன் முனையில் போய் அமர்ந்ததும் ரைஃபிள் முன்னே உதைக்கிறது. பெல்லட் பேரலை விட்டுப் போவதற்கு முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. நீங்கள் இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் இறுக்குவீர்கள், ஆட்டமும் வேறு வேறாகும், பெல்லட்டும் வேறு வேறு இடத்துக்குப் போகும். ரைஃபிளைத் தன் போக்கில் குதிக்க விட வேண்டும்.

மணல்பையின் மேல் உங்கள் இடது கையை மல்லாக்க வையுங்கள். விரல்களை மடக்காமல் விரித்த உள்ளங்கையில் கட்டையை வையுங்கள், கைக்குழந்தையின் தலையை ஏந்துவது போல. வலது கை கட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், நெரிக்க வேண்டாம். தோளில் சும்மா பட்டும் படாமலும். கன்னமும் அப்படியே. வெறும் பையின் மேலோ மேசை விளிம்பின் மேலோ கட்டையை நேராக வைத்தால் ரைஃபிள் அதிலிருந்து எகிறிக் குதிக்கும், சிதறல் இன்னும் கூடும். பேரலை எதன் மேலும் சாய்த்து வைக்கவே கூடாது.

உள்ளங்கை கட்டையில் எந்த இடத்தில் இருந்தது என்பதும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டையின் அடியில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, கையின் விளிம்பு அதைத் தொடும்படி வைக்கச் சொல்வேன். டேப்பை இரண்டு விரற்கடை முன்னும் பின்னும் மாற்றி ஐந்தைந்து சுட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் சிதறல் சட்டென்று சுருங்கும். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அந்த இடம் வேறு.

டிரிகரை விட்ட பிறகு ‘ஒன்று’ என்று மனதுக்குள் எண்ணும் வரை தலையைத் தூக்காதீர்கள். எங்கே பட்டது என்று பார்க்கும் ஆசையில் தலை எழும்பும். பெல்லட் இன்னும் பேரலுக்குள் இருக்கும்போதே ரைஃபிளும் கூட எழும்பும்.

மூன்றாவது பெல்லட். ஒரே டப்பாவிலிருந்து பத்துப் பெல்லட்டை வெள்ளைத் துணியில் கொட்டி, பின்பக்கப் பாவாடையை, அதாவது விரிந்த அடிப்பகுதியை, உற்றுப் பாருங்கள். வட்டம் நசுங்கியிருக்கும், சிலதில் ஈயப் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். மலிவான டப்பாவில் பத்துக்கு மூன்று இப்படி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவற்றை ஒதுக்குங்கள். தலையின் அளவிலும் 4.49, 4.50, 4.51, 4.52 என்று மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் கிடைக்கிறது. எது உங்கள் பேரலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும். முதல் நாளே மூன்று வகைப் பெல்லட் வாங்கிக்கொள்ளுங்கள், எடையிலும் தலை வடிவத்திலும் மாறுபட்டவையாக. வகை மாற்றும்போது முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தம்பியின் ரைஃபிளில் ஸ்க்ரூ சரியான பிறகு மிஞ்சிய சிதறல், தட்டைத் தலைப் பெல்லட்டுக்கு மாறியதும் நாணயத்துக்குள் வந்தது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த மூன்றும் சரியான பிறகும் சிதறினால் பேரலின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். வாய் விளிம்பில் சின்ன நெளிவோ வெட்டோ இருந்தால் பெல்லட் ஒருபுறமாகத் தள்ளப்படும். நீங்களே அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். கடைக்குக் கொண்டு போங்கள்.

மேலும் கீழுமாகக் கோடு போல் விழுகிறது

அகலம் சரி, உயரத்தில் மட்டும் இழுக்கிறது என்றால் பெல்லட்டின் வேகம் மாறுகிறது, அல்லது உங்கள் கண்ணின் இடம் மாறுகிறது. வேகத்துக்குக் காரணம் மேலே சொன்ன எண்ணெய் எரிதல், அல்லது காற்றுக் கசிவு. கண்ணுக்கு வருவோம். பல ஸ்கோப்கள் ஏறக்குறைய 100 மீட்டர் தூரத்துக்குச் சரிசெய்து வருபவை. அதை வைத்து 10 மீட்டர் பார்த்தால் தாள் மங்கலாகத் தெரியும், தலையை லேசாக ஏற்றி இறக்கினாலே குறுக்குக்கோடு தாளின் மேல் நகரும். கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்தால் பாதி சரியாகும். முன்கண்ணாடியில் தூரம் திருகும் வளையம் இருந்தால் 10க்குக் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் பெரிதாக்கும் அளவைக் குறைத்து நான்குக்கு வையுங்கள், படம் தெளியும்.

மூச்சும் காரணமாகலாம். பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு நொடிக்குள் சுடுங்கள். முடியாவிட்டால் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இடவலமாக இழுக்கிறது

டிரிகரை விரல் நுனியின் சதைப்பகுதியால் நேர் பின்னே அழுத்துகிறீர்களா, பக்கவாட்டில் இழுக்கிறீர்களா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரியும். ரைஃபிள் ஒருபக்கம் சாய்கிறதா என்பதையும் அவரே சொல்வார்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலைத்தொடர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் மேற்கிலிருந்து ஈரக்காற்று வரும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும், பகலில் ஓலை சாய்ந்தபடியே நிற்கும். கம்பிவலை போட்ட கோழிக் கொட்டகை அந்தக் காற்றைத் தடுக்காது. பலமான குறுக்குக் காற்று 10 மீட்டரிலேயே பெல்லட்டைச் சில மில்லிமீட்டர் தள்ளும். தூரம் இரட்டிப்பானால் விலகல் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பாதி தூரத்தில் ஒரு குச்சியில் கம்பளி நூலைக் கட்டி விடுங்கள். நூல் தொங்கும்போது மட்டும் சுடுங்கள், அல்லது விடிந்ததும் ஒரு மணி நேரம் காற்று எழும் முன் முடித்துவிடுங்கள். நாங்கள் வலைக்கு வெளியே தார்ப்பாய் கட்டியிருக்கிறோம்.

இரண்டு இடத்தில் இரண்டு கூட்டமாக விழுகிறது

மூன்று இங்கே, இரண்டு அங்கே, நடுவில் ஒன்றுமில்லை. ஏதோ ஒன்று தளர்ந்து இரண்டு நிலைகளுக்கு நடுவே ஆடுகிறது. முதல் சந்தேகம் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட். ஸ்பிரிங் ரைஃபிளின் உதையில் அது மெல்ல மெல்லப் பின்னே ஊர்ந்து போகும். மவுண்டும் இரும்பும் சேரும் இடத்தில் வீட்டிலிருக்கும் நகப்பூச்சால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். இருபது பெல்லட் சுட்ட பின் கோடு உடைந்திருந்தால் மவுண்ட் நகர்ந்திருக்கிறது. ரைஃபிளின் மேல்தண்டில் சின்னக் குழி இருந்தால் அதில் மாட்டும் நிறுத்துமுள் உள்ள மவுண்டாக வாங்குங்கள்.

மவுண்ட் உறுதி, ஆனாலும் இரண்டு கூட்டம் என்றால் ஸ்கோப்பே உள்ளே கெட்டிருக்கலாம். வெடிமருந்துத் துப்பாக்கிக்கான ஸ்கோப் பின்னோக்கிய உதையைத்தான் தாங்கும். ஸ்பிரிங் ரைஃபிள் முன்னேயும் உதைக்கும், அதில் உட்பாகங்கள் கழன்றுவிடும். எனக்கு ஒரு கடையில் அப்படிப்பட்ட ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். எண்பதாவது பெல்லட்டில் குறுக்குக்கோடு படுத்துக்கொண்டது. ஏர் ரைஃபிளுக்கென்றே செய்தது என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். சந்தேகம் தீர எளிய வழி, ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு ரைஃபிளின் சொந்தக் குறிமுள்ளில் ஐந்து சுடுவது. கூட்டம் ஒன்றானால் ரைஃபிள் நல்லது.

நெருக்கமாக விழுகிறது, ஆனால் நடுவில் இல்லை

இதுவரை பொறுத்ததற்குப் பலன் இதுதான். இப்போதுதான் ஸ்கோப்பைத் தொடும் நேரம். இங்கே ஒரு கணக்குப் பலரைக் குழப்புகிறது. கால் மினிட் (மினிட் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்று எழுதியிருக்கும் ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது 100 மீட்டரில் ஏறக்குறைய 7.3 மில்லிமீட்டர். 10 மீட்டரில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.73. நாலு கிளிக் திருப்பிவிட்டு ‘ஒன்றும் மாறவில்லையே’ என்பவருக்கு உண்மையில் மூன்று மில்லிமீட்டர் மாறியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தின் நடு, பொட்டிலிருந்து 36 மில்லிமீட்டர் கீழே என்றால் 36ஐ 0.73ஆல் வகுங்கள், 49 கிளிக் மேலே. 20 மீட்டரில் அதே 36க்கு 25 கிளிக் போதும்.

ஒரே ஒரு பெல்லட்டைப் பார்த்துத் திருப்பாதீர்கள். ஐந்து சுட்டு, அவற்றின் நடுவைப் பென்சிலால் குறித்து, அங்கிருந்து அளங்கள். முதலில் உயரம், பிறகு பக்கவாட்டு. திருப்பியதைத் தாளின் ஓரத்திலேயே எழுதுங்கள்.

ஸ்கோப் இல்லாமல் சொந்தக் குறிமுள்ளில் சுடுகிறவர்களுக்கு: பின்முள்ளை, பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள். முன்முள் நேர் எதிர்.

ஸ்கோப் குமிழ் முடிவுக்கு வந்துவிட்டது, இன்னும் கீழேதான் படுகிறது

மடக்கும் பேரல்கள் பலவும் மூடும்போது முனை கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். குறை என்று சொல்ல முடியாது, சொந்தக் குறிமுள்ளுக்கு அது ஒத்துப்போகும்படியே செய்திருப்பார்கள். ஸ்கோப் வைக்கும்போதுதான் தெரியவரும். பின்பக்க வளையத்துக்குள் ஸ்கோப்பின் அடியில் பழைய போட்டோ பிலிம் ஒரு துண்டு வைத்தால் ஸ்கோப்பின் பின்பகுதி உயர்ந்து கணக்கு சரியாகும். இரண்டு அடுக்குக்கு மேல் போனால் ஸ்கோப் குழாய் வளைந்துவிடும். அதற்கும் போதாவிட்டால் இதற்கென்றே சரிவாகச் செய்த மவுண்ட் கிடைக்கிறது. குமிழை முட்டும் வரை திருப்பி அங்கேயே விட்டுவிடாதீர்கள். உள்ளிருக்கும் சின்ன ஸ்பிரிங் பிடிப்பை இழந்து, ஒவ்வொரு உதைக்கும் குறி நகரும்.

புஸ்ஸென்று சத்தம், பெல்லட் மெதுவாகப் போகிறது

பேரல் சிலிண்டரைத் தொடும் முகப்பில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது பிய்ந்தாலோ அமுங்கிப் போனாலோ காற்று அங்கேயே கசியும். டிஷ்யூ பேப்பரை நூல் அகலத்துக்குக் கிழித்து, மூடிய பேரலின் இணைப்பின் மேல் படுக்க வைத்து, பெல்லட்டோடு வழக்கம்போல் இலக்கை நோக்கிச் சுடுங்கள். காகிதம் எகிறினால் கசிவு. வளையம் விலை குறைவு, மாற்றுவதும் எளிது. கசிவு இல்லாமலே வேகம் குறைந்தால் உள் சீலோ ஸ்பிரிங்கோ. அதை வீட்டில் கழற்றாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் மூடியை முகத்தில் எறியும். பழுது பார்ப்பவரிடம் அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இருக்கும்.

சுட்டதும் டொய்ங் என்று அதிர்வது பல ரைஃபிள்களில் உள்ளதுதான், குறியைக் கெடுக்காது.

காலையில் நடுவில், மதியம் தள்ளி

வெயில் ஏற ஏற ஸ்பிரிங், சீல், கிரீஸ் எல்லாமே கொஞ்சம் மாறும். சொந்தக் குறிமுள்ளில் சுடுகிறவர்களுக்கு ஒருபக்கத்து வெளிச்சம் முள்ளின் விளிம்பை மினுக்கிக் கண்ணை ஏமாற்றும். நூறு பெல்லட் தாண்டினால் கையும் தளர்ந்திருக்கும். இதற்காக ஸ்கோப்பைத் திருப்பினால் மறுநாள் காலை மறுபடி திருப்ப வேண்டிவரும். ஒரு இளநீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் நிழலில் உட்காருங்கள். குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், விரலில் ஒட்டியிருப்பது ஈயம். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கத்தைப் பையன்களிடம் கண்டால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

கடைக்குத் திருப்பிக் கொண்டு போக வேண்டியவை

மூடிய பேரல் கையால் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறது. ஏற்றிய பிறகு விசை தானாக விடுபடுகிறது. பாதுகாப்புப் பூட்டு போட்டும் டிரிகர் விடுகிறது. கட்டையில் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து விரிசல் ஓடுகிறது. இந்த நான்கில் எது இருந்தாலும் இன்னொரு பெல்லட் போடாதீர்கள். சுட்ட தாள்களையும் கூடவே எடுத்துப் போங்கள். ‘சரியாகச் சுடவில்லை’ என்று வாயால் சொல்வதை விட, தேதி எழுதிய ஆறு தாளை மேசையில் வைத்தால் கடைக்காரர் உட்கார்ந்து பார்ப்பார்.

எல்லை தாண்டிப் போகிறவர்கள் ரைஃபிளை உறைக்குள், ஏற்றாமல், பெல்லட்டைத் தனிப் பையில் வைத்துக் கொண்டு போகட்டும். பில்லும், ஆற்றல் அளவு எழுதிய தாளும் உறைக்குள்ளேயே இருக்கட்டும். வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ செக்போஸ்ட்டில் கேட்டால் எடுத்துக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வீட்டுக்குப் போனதும் இரும்பை உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு லேசாக எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, ஸ்பிரிங்கை ஏற்றாமல், பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். அடுத்த முறை வரும்போது முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள்.